மேசைச் சூடு

எங்கள் சலவைக் கூடத்தில் இஸ்திரி அக்கா என்றால் அவள் ஒருத்திதான். பதினாறு வருடம் நீராவிப் பெட்டியோடு நின்றவள். அவள் கை பட்டால் சுருக்கம் தலைதெறிக்க ஓடும் என்று கேலி செய்வோம். அந்த மேசை என்றால் அவளுக்கு உயிர்.

போன வருடம் அவளுக்கு வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் வந்தன. "நாள் பூரா சூட்டுல நிக்கிற, வேற என்ன ஆகும்?" என்றோம். நானும்தான் சொன்னேன், பெரிய டாக்டர் மாதிரி. இந்த மாதிரி விஷயத்தை ஆஸ்பத்திரியில் சொல்லக் கூசி, எங்களுக்குள்ளேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் கூட்டம் நாங்கள். அவள் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். மேசையை மாற்றித் தரச் சொல்லி மேலாளருக்கு அவரே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு அக்கறை என்று எங்களுக்கெல்லாம் பொறாமை. அக்கா துணி மடிக்கும் பக்கம் போனாள். புதிதாகச் சேர்ந்த பெண் அவள் மேசைக்கு வந்தாள்.

வலி மட்டும் போகவில்லை. எட்டு மாதம் கழித்து, நிமிர்ந்து நடக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"சூடெல்லாம் இல்லம்மா. உடலுறவு மூலமா தொத்துற நோய் இது. மாத்திரையில சரியாயிடும். ஆனா உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து போடணும். இல்லன்னா மாத்தி மாத்தி ஒட்டிக்கும்."

அக்காவுக்கு அவரைத் தவிர வேறு ஆண் தெரியாது. இரண்டு பேருக்குமான மாத்திரையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நான் அப்பவே போட்டுட்டேன்."

"எப்ப?"

"மனு எழுதினேன்ல, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. உன்கிட்ட சொன்னா சண்டை போடுவ."

மறுநாள் அக்கா இதை எங்களிடம் சொல்லும்போது அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம். பாதி அந்த ஆள்மேல், பாதி எங்கள் வாய்மேல். மேலாளரிடம் போய்க் கேட்டோம். மேசையைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

"எவகிட்டயோ போனதுகூட இருக்கட்டும்டி," என்றாள் அக்கா. "பக்கத்துல படுத்துக்கிட்டு, நான் வலிக்குதுன்னு சொல்றத எட்டு மாசம் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு."

"நீ கொண்டுபோன மாத்திரைய திரும்பப் போட்டாரா இல்லையா?" என்று கேட்டேன்.

"போட வச்சேன். வாயத் தொறந்து நாக்கத் தூக்கிக் காட்டச் சொன்னேன். பாத்துட்டுத்தான் என்னுத முழுங்கினேன்."