வருகைப் பதிவேட்டில் இல்லாத பேர்

கணக்கு டீச்சர் ஞானமணி பிள்ளைகளிடம் பிடுங்கிய கதைப் புத்தகங்களைச் சேர்த்தால் ஒரு பீரோவை நிரப்பலாம். ஒன்றைக்கூட அவர் பிரித்துப் பார்த்தது கிடையாது. தொண்ணூற்றாறாம் வருஷம் ஆகஸ்டில், ஒன்பதாம் வகுப்பு துர்காதேவியின் மடியிலிருந்து எடுத்த ‘காற்றுமலைப் பிள்ளைகள்’ மட்டும் எப்படியோ கைப்பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

“டீச்சர், அது என்னுது இல்ல. லெண்டிங் லைப்ரரி புத்தகம். சனிக்கிழமை குடுக்கணும்” என்று அந்தப் பிள்ளை கெஞ்சியதற்கு, “வெள்ளிக்கிழமை வரைக்கும் என்கிட்டயே கெடக்கட்டும்” என்று சொல்லியாயிற்று.

வீடு என்பது செக்காலையில் ஒரு மாடி போர்ஷன், அவர் ஒருத்தர்தான். சாயங்காலம் சோற்றை வடித்துவிட்டு விடைத்தாள் கட்டை எடுக்கப் போனவர், புத்தகம் கையில் தட்டுப்பட, ஒரு பக்கம் பார்ப்போமே என்று நின்றபடியே பிரித்தார். சோறு ஆறிப்போன பிறகுதான் உட்கார்ந்தார்.

மலைக்கோட்டையில் ஒளித்து வளர்க்கப்படும் ஒன்பது பிள்ளைகளின் கதை. ஒருவனுக்கு எறும்புகள் பேசுவது கேட்கும். ஒருத்திக்குக் கோபம் வந்தால் பக்கத்துக் குடத்துத் தண்ணீர் கொதிக்கும். இரட்டையர் இருவரில் ஒருவன் சாப்பிட்டால் மற்றவனுக்குப் பசி அடங்கும். நாற்பத்து மூன்று வயதில் இந்தக் கூத்தையெல்லாம் படித்து ஞானமணி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதுசாக இருந்தது.

அப்புறம் வடிவு வந்தாள். ஒரு நாளைக்கு ஒருதரமாவது யாராவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாத நாளில் கொஞ்சம் மங்குவாள். மங்கினால் காவல்காரர் கண்ணில் படாமல் கோட்டையைத் தாண்டலாம். அதுதான் அவளுடைய சக்தி. ரொம்ப மங்கிவிட்டால் கூடப் படுத்திருப்பவர்களுக்கே அவள் பேர் மறந்துபோகும்.

ஞானமணி புத்தகத்தை மடியில் கவிழ்த்தார். தன்னைப் பேர் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டது யார்?

இளையாத்தங்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் அவர். அந்த ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அன்றோடு சரி, படித்த பிள்ளையைப் பேர் சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை. வேலை கிடைத்ததும் சித்தப்பா மக்கள்கூட, “டீச்சர் வாரீகளா, டீச்சர் சாப்பிட்டீகளா” என்றுதான். மாதா கோயிலில் பூசை வைக்கும் சாமியாருக்கும் டீச்சர், வாசலில் பால்காரருக்கும் டீச்சர். அம்மா ஒருத்திதான், “ஏ ஞானமணி, லைட்ட அமத்து” என்பாள். அம்மாவை அடக்கம் பண்ணிப் பதினாறு மாசம் ஆகிறது.

கணக்கு டீச்சர் அல்லவா, மனசு தானாக நாள் கணக்குப் போட்டது. நானூற்றெண்பதுக்கு மேல்.

மறுநாள் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுக்குள் வைத்துப் படித்தார். தமிழ் டீச்சர் புஷ்பவள்ளி எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், சிரிச்சுக்கிட்டே திருத்துறீக? இந்த வருஷம் எல்லாரும் பாஸா?” என்றார். எறும்புப் பையனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த ஞானமணி, “ஒண்ணுமில்ல டீச்சர்” என்று தாளைப் புரட்டினார். இருபது வருஷத்தில் பாடத்தையும் மார்க்கையும் தவிர அவர்கள் பேசிக்கொண்டது என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை கடைசிப் பக்கம் வந்தது. ஒன்பது தட்டுப் போட்டுவிட்டு எட்டுப் பிள்ளைகள் சாப்பிட உட்காருகிறார்கள். மிச்சத் தட்டு யாருக்கென்று ஒருவருக்கும் நினைவில்லை. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்பில் வருகை எடுத்தார். “துர்காதேவி.” “உள்ளேன் டீச்சர்.” “பெல்சி.” “உள்ளேன் டீச்சர்.” “வடிவு.”

வகுப்பு முழிமுழியென்று முழித்தது. கடைசி பெஞ்சிலிருந்து துர்காதேவிதான் சொன்னாள்: “டீச்சர், அவ மறைஞ்சு நாலு அத்தியாயம் ஆச்சு.”

மணி அடித்ததும் அவளே பின்னால் வந்தாள். புத்தகத்தை நீட்டிய ஞானமணி விடவில்லை. இருவர் கையிலும் அது நின்றது.

“அந்தப் பிள்ளை என்னடி ஆனா?”

“தெரியல டீச்சர். ரெண்டாம் பாகம் வெளிய போயிருக்கு. பேர் எழுதி வச்சா வரிசைப்படி கூப்பிடுவாக. எனக்கு முன்னால மூணு பேரு. நீங்க வேணும்னா என் பேருக்கு முன்னால...”

“வேணாம். நீ படிச்சிட்டுக் குடு. ஆனா கதையச் சொல்லிப்புடாத.”

சனிக்கிழமை அந்த லெண்டிங் லைப்ரரியில் உறுப்பினராகி, இரண்டாம் பாகத்துக்குப் பேர் கொடுத்தார். லைப்ரரி நடத்தும் மெய்யநாதன் நோட்டைத் திறந்து, “டீச்சருன்னு போட்டுக்கவா?” என்றார்.

“வேணாம், பேரை மட்டும் போடுங்க.”

மெய்யநாதனுக்கு ஒரு பழக்கம். சனிக்கிழமை ஆறு மணிக்கு, திரும்பி வந்த புத்தகங்களை மேஜையில் அடுக்கிக்கொண்டு, காத்திருப்பவர்களின் பேரை நோட்டைப் பார்த்து உரக்கப் படிப்பார். பதவி, பட்டம் எதுவும் சேர்க்க மாட்டார். தாலுகா ஆபீஸ் அதிகாரி வந்து நின்றாலும் வெறும் கோட்டைச்சாமிதான்.

ஐந்தாவது சனிக்கிழமை. துர்காதேவி இரண்டாம் பாகத்தை மேஜையில் வைத்துவிட்டு, அலமாரி ஓரம் நின்ற டீச்சரிடம் வந்து, வாயைக் கையால் பொத்திக் காட்டினாள். கதை வெளியே வராதாம்.

மெய்யநாதன் தலை நிமிராமல் படித்தார். “ஞானமணி.”

யாரும் போகவில்லை.

“டீச்சர், உங்களத்தான்” என்று துர்காதேவி முழங்கையைத் தொட்டாள்.

“தெரியும்டி” என்றார் மெதுவாக. “இன்னொரு தடவை கூப்பிடட்டும்.”