தெற்குச் சுவரில் ஒரு கொக்கி

சுவரில் போட்டோ மாட்டுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள், ஒரு பெரிய குடும்பத்தின் நடு ஹாலில், அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஏணியில் ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். திருப்பூரில் இப்போது வீடு கட்டுகிற எல்லாருக்கும் ‘ஃபேமிலி வால்’ வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து போன மாதம் மொட்டையடித்த குழந்தை வரை எல்லாரும் வரிசையாக, ஒரே மாதிரி பிரேமில் சிரிக்க வேண்டும். படங்களை வாங்கி, கறை நீக்கி, பிரிண்ட் போட்டு, பிரேம் செய்து மாட்டிக் கொடுப்பது என் வேலை. சுவரில் துளை போடுவது செல்வராஜ் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனிகளுக்குக் கட்டிங் மேஜை செய்ய வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆசாரி.

இதில் ஒரு முறை உண்டு. உயிரோடு இருப்பவர்கள் ஹாலின் பெரிய சுவரில். காலமானவர்கள் தெற்குச் சுவரில், வடக்குப் பார்த்தபடி. பிரேமின் தலையில் மாலை போட ஒரு கொக்கி, மேலே ஒரு சின்ன பல்பு. இரண்டையும் கலக்கவே கூடாது. சுவரில் துளை போட்டுப் பிழைக்கும் சகாக்களே, சுவருக்குள் ஓடுகிற ஒயர்தான் ஷாக் அடிக்கும் என்று நீங்கள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், முதலிபாளையம் பக்கம் சிவகுமார் வீட்டு வேலையைக் கேளுங்கள். ஒரு பெண்ணின் படம் பெரிய சுவருக்கா, தெற்குச் சுவருக்கா என்பதுதான் அங்கே விஷயம். அது முடிவாவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சாய்வு நாற்காலியில் ஒருவர்

சிவகுமார் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர். மகன் கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டுச் சனம் முதல் தடவையாக விருந்துக்கு வருகிறது; அதற்குள் சுவர் முடிய வேண்டும் என்று ஒரு பை நிறையப் படங்களைக் கொடுத்தார். அதில் ஒன்று, ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. முறுக்கு மீசை வாலிபர் ஒருவர், பிளாஸ்டிக் பூ வைத்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். கறுப்பு வெள்ளை என்றால் ஆள் இல்லை என்பது எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தராமலே எல்லாரும் கற்றுக்கொள்கிற பாடம். அண்ணாச்சி தெற்குச் சுவரில் துளை போட்டார். நான் கொக்கி வைத்து, பல்பு எரிகிறதா என்று பார்த்து, சந்தன மாலையைப் போட்டு, ஏணியை விட்டு இறங்கி ஒரு கும்பிடும் போட்டேன்.

அதுவரை சாய்வு நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வேலையை முதலிலிருந்து கவனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவகுமாரின் அப்பா. “நல்லா இருக்குதுங்களா அய்யா?” என்றேன். “நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா அது நானு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாலையைப் பிடுங்கி, படத்தைக் கழற்றி, பெரிய சுவரின் நட்ட நடுவில் மாட்டி, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொக்கியைத் திருகிக் கழற்றப் போனேன். அவர் டீ டம்ளரை ஆட்டித் தடுத்தார்.

“கொக்கி இருக்கட்டும் அம்மிணி, எப்படியும் வேண்டித்தான் வரும், அப்ப மறுக்கா உங்கள எங்க போயித் தேடறது?”

கறுப்பு அங்கி

பிரேம் வைப்பதற்கு முன்னால் அதே அளவில் பேப்பர் வெட்டிச் சுவரில் ஒட்டிக் காட்டுவது என் வழக்கம். சிவகுமார் அதைத் துணிக்குப் பேட்டர்ன் பார்ப்பதுபோல் பார்த்தார். தள்ளி நின்றார், குனிந்தார், ஒரு பேப்பரை விரல்கடை இடம் நகர்த்தச் சொன்னார், கடைசியில் “சாம்பிள் ஓகேங்க மேடம்” என்றார். பிறகு அலமாரியிலிருந்து தனியாக ஒரு படத்தை எடுத்து வந்தார். பட்டமளிப்பு விழாக் கறுப்பு அங்கியில் ஒரு பெண். “இது தெக்கால. கொக்கி வெச்சிருங்க.” “உங்க பொண்ணுங்களா?” என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஷிப்மென்ட் விஷயமாக வந்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே அவர் மனைவி சரஸ்வதி அரிசி களைந்துகொண்டிருந்தார். ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வயசுலயா போகோணும், கடவுளுக்குக் கண்ணே இல்லீங்க” என்று நான் தேம்ப, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஹாலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சாகலீங்க அக்கா, மண்ணரையில குடியிருக்கறா.”

இஞ்ச் டேப்

மண்ணரை என்பது திருப்பூரிலேயே இருக்கிற ஒரு பகுதி. பெண்ணின் பெயர் தீபா. வேலை பார்த்த கம்பெனியில் கூட இருந்த வேறு சாதிப் பையனை விரும்பி, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சிவகுமார் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார். உயிரோடு இருக்கிற மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தவர்கள் பற்றி நானும் கேள்விப்பட்டதுண்டு. அது பிரேமுக்குள் ஏறி என் கடைக்கே ஆர்டராக வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. படமே வைக்காமல் விட்டால் விருந்துக்கு வருகிறவர்கள் “பொண்ணு எங்கீங்க?” என்று கேட்பார்களாம். தெற்குச் சுவரில் மாலையோடு இருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்களாம். அவரிடமே, “இன்னொருக்கா யோசிக்கலாமுங்களே” என்று இழுத்துப் பார்த்தேன். “ஆர்டர் கன்ஃபர்ம் ஆயிருச்சுங்க மேடம்” என்று முடித்துவிட்டார்.

அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது மறுநாள் தெரிந்தது. விருந்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்ல வந்த சம்பந்தி, நேரே தெற்குச் சுவருக்குப் போனார். அங்கே நான் ஒட்டியிருந்த பேப்பரைக் காட்டி, “அந்தப் புள்ளைதுங்களா?” என்றார். சிவகுமார் தலையாட்டினார். சம்பந்தி முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அடுத்து, இந்த ஊரில் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிற அதே இஞ்ச் டேப்பை உருவி, பெரிய சுவரில் தன் குடும்பப் படத்தையும் சிவகுமார் குடும்பப் படத்தையும் அளந்தார். அவருடையது அரை இஞ்ச் குறைச்சல். “மரச்சட்டம் பாருங்க, அரை இஞ்ச் முன்னப்பின்ன வரும், எக்ஸ்போர்ட்லயே அது டாலரன்ஸ்தானுங்களே” என்றேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

“டாலரன்ஸ் எல்லாம் பனியனுக்குங்க மேடம், சம்பந்திக்கு இல்லீங்க.”

நல்ல போட்டோ

மதியச் சாப்பாட்டு நேரம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண் கடைக்குள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, முதலிபாளையத்துல ஒரு ஊட்டுக்கு போட்டோ மாட்டறீங்கள்ல? என்ற போட்டோவும் மாட்டறாங்கன்னு அம்மா போன்ல சொன்னாங்க. நம்பவே முடியலீங்க. ஒரே ஒருக்கா பாத்துக்கட்டுங்களா?” எந்தச் சுவர் என்பதை மட்டும் அந்த அம்மா சொல்லவில்லை. சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்? நான் சுதாரிப்பதற்குள் அவள் மேஜை மேலிருந்த பிரேமைப் பார்த்துவிட்டாள். கறுப்பு அங்கி. தலைமேல் பித்தளைக் கொக்கி.

பிரேமைக் கையில் எடுத்தாள். கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தெற்குச் சுவர் விஷயம் கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அழுவாள், திட்டுவாள், போட்டு உடைப்பாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு நின்றேன். அவள் பிரேமைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

“இதுல மூஞ்சி வீங்குன மாதிரி இருக்குதுங்க அக்கா, எப்படியும் மாட்டத்தான் போறாங்கன்னா ஒரு நல்ல போட்டோவா தரட்டுங்களா?”

டிரில்லிங் மிஷின்

அவள் கொடுத்த படத்தில் மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஓட்டுகிறவரின் ஒரு தோளும் அதன்மேல் கிடக்கிற கோடு போட்ட துண்டும் மட்டும் ஓரத்தில் தெரிகின்றன. தோளை வெட்டினால் அவள் கையும் போய்விடும். அப்படியே பிரிண்ட் போட்டேன். விருந்துக்கு முந்தின நாள் எடுத்துக்கொண்டு போனோம். தெற்குச் சுவரில் பென்சிலால் புள்ளி வைத்து, ரசமட்டம் பார்த்துவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் மிஷினின் ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, மிஷினை என் கையில் கொடுத்தார். இத்தனை காலத்தில் அவர் அதை யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

“எம்மா, உசிரோட இருக்க புள்ளைக்கு நான் துளை போட மாட்டேன், வேணும்னா நீங்களே போட்டுக்கிடுங்க.”

கோடு போட்ட துண்டு

நானே போட்டேன். மறுத்திருக்கலாம். என் பங்குக்கு நானும் ‘ஆர்டர் கன்ஃபர்ம்’ என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். பழக்கமில்லாத கை, துளை கொஞ்சம் பெரிதாகப் போய், பட்டி வைத்து அடைத்தேன். படத்தை மாட்டி, பல்பைப் போட்டேன். சிரிக்கிற பிள்ளையின் முகத்தில் அந்த மங்கின வெளிச்சம் விழுந்தது. சரஸ்வதி சமையலறை வாசல் வரை வந்து, அதற்குமேல் வராமல் நின்றார். படம் ஏன் மாறியது என்று கேட்ட சிவகுமாரிடம், பழையது பிரிண்டில் சரியாக வரவில்லை என்று சமாளித்தேன். அவர் மாலையை எடுத்தார்.

அப்போது சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. பெரியவர் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிப் படத்தை உற்றுப் பார்த்தார். “இது என்ற தோளு” என்றார். எல்லாரும் திரும்பினோம். தன் தோளில் கிடந்த கோடு போட்ட துண்டைத் தொட்டுக் காட்டினார். அவளைக் காலேஜுக்கு மொபெட்டில் கொண்டுபோய் விட்டது அவர்தானாம். பிறகு பெரிய சுவருக்கு நடந்தார். நடுவில் இருந்த தன் முறுக்கு மீசைப் படத்தை இரண்டு கையாலும் கழற்றி எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். “இதையும் இங்கயே மாட்டீருங்க அம்மிணி. பாதி ஆளு இங்க வந்தாச்சு, மீதி மட்டும் அங்க இருந்து என்ன பண்றது? கொக்கியும் இருக்குது.”

சிவகுமாருக்கு வேர்த்துவிட்டது. “அப்பா, என்னுங்க இது! நாளைக்கு அத்தனை சனம் வருது. உசுரோட இருக்கற உங்கள தெக்கால பாத்தா என்ன சொல்லுவாங்க?” என்றார். “அதையேதான் நானும் கேக்கறன் சாமி” என்றார் பெரியவர். கோபமே இல்லாமல், விலாசம் விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். சிவகுமார் கையிலிருந்த மாலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வெகுநேரம் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், யார் முகத்தையும் பாராமல், “ரண்டையும் பெரிய செவுத்துலயே மாட்டீருங்க மேடம். சம்பந்திகிட்ட நான் பேசிக்கறன்” என்றார். தீபாவை விருந்துக்கு அழைக்கச் சொல்லி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குச் சுவரில் இடம் கிடைத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. அண்ணாச்சி நான் கேட்காமலே மிஷினைப் பிடுங்கிக்கொண்டு பெரிய சுவரில் ஏணியைப் போட்டார். சரஸ்வதி அடுப்பில் எதுவும் இல்லாமலே உள்ளே ஓடினார். நான் ஸ்குரூ டிரைவரோடு முதலில் பெரியவர் படத்துக் கொக்கியில்தான் கை வைத்தேன். அவர் மறுபடியும் தடுத்தார்.

“எனக்கு இருக்கட்டும் அம்மிணி, அவளுத மட்டும் கழட்டுங்க.”

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், சுவரைத் தட்டி உள்ளே ஒயர் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று சமையலறை வரைக்கும் போய் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுகிறேன்.