கட்டைவிரல் ரேகை

மின்காப்புப் பொருள்களைச் சோதிக்கும் அந்த அறைக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் ராஜா. பிளாஸ்டிக், ரப்பர் எது வந்தாலும் தட்டாக வெட்டிப் பெட்டிக்குள் வைத்து, ஐந்நூறு வோல்ட் கொடுத்து, அதன் மேற்பரப்பில் எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளப்பார். எண் நிலைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். யார் அவசரப்படுத்தினாலும், "ஒரு நிமிஷம் ஆகட்டும்" என்பார். அதனால் அவருக்கு ஒருநிமிஷம் என்றே பேர்.

மூன்று வருஷத்துக்கு முன் அங்கே வந்து சேர்ந்தார் சகலை, மனைவியின் தங்கை புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததே ஒருநிமிஷம்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டார். சகலை பத்து முறை அளந்தாலும் ஒரே எண் வரும். மேனேஜர் தட்டிக் கொடுப்பார். வீட்டுக்குப் போனால் மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரருக்கு எவ்வளவு பொறுமை பாருங்க" என்பாள். ஒருநிமிஷத்துக்கு வயிறு எரியும். வெளியே சிரித்து வைப்பார், வேறென்ன செய்வார்?

அறைத் தலைவர் பதவி காலியானது. ஒரே ஷீட்டில் வெட்டிய இரண்டு தட்டுகளை ஆளுக்கொன்றாக மேனேஜர் முன்னால் அளக்க வேண்டும். நன்றாக அளப்பவருக்குப் பதவி. மேனேஜர் வருவதற்குள் சகலை டீ குடிக்கப் போனார். ஒருநிமிஷம் கையுறையைக் கழற்றி, சகலையின் தட்டில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். விரல் வியர்வை பட்டால் போதும், மின்சாரம் அதன் வழியே ஊர்ந்துவிடும். ஐம்பது வயசில் செய்கிற வேலையா இது?

ஒருநிமிஷத்தின் தட்டு நல்ல அளவு காட்டியது. சகலையினுடையது படு மோசம். சகலை சுவிட்சை அணைத்துவிட்டு, கண்ணாடி மூடி வழியே குனிந்து பார்த்தார்.

"தட்டுல விரல் ரேகை தெரியுது சார்."

ஒருநிமிஷத்துக்குப் பயம் வந்தது. யாருடைய ரேகை என்று பார்த்துவிட்டால்?

"நான் துடைச்சிடறேன்" என்று பாய்ந்து, மூடியைத் திறந்து வெறுங்கையை நீட்டினார்.

சகலை அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அண்ணா, எர்த் இன்னும் மாட்டல."

சகலை எர்த் கம்பியை மாட்டியதும் சட்டென்று ஒரு பொறி பறந்தது. சுவிட்சை அணைத்தாலும் தட்டில் மின்சாரம் தங்கியிருக்கும். 'எர்த் மாட்டி நாலு நிமிஷம் ஆகாமல் கை வைக்காதே' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதியவரே ஒருநிமிஷம்தான்.

நாலு நிமிஷம் ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். கையுறையில்லாத அந்த வலது கையைச் சகலை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "என் விரல்தான் பட்டிருக்கும் சார்" என்றார்.

"விரல் பட்டா அளவுதான் கெடும். எர்த் இல்லாம கை வச்சா ஆளே போயிடுவான்" என்றார் மேனேஜர். பதவி சகலைக்குப் போனது.

வீட்டில் சோறு போட்டபடியே மனைவி சொன்னாள்: "தங்கச்சி போன் பண்ணா. எர்த் மாட்டாம கை வைக்கக் கூடாதுங்கறதையே உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்னு அவ வீட்டுக்காரர் சொன்னாராம். வேற ஒண்ணும் சொல்லலையாம்."

பதவி போனதைக்கூட அவர் எப்படியோ விழுங்கியிருப்பார். இது தொண்டையிலேயே நின்றது. இந்த நல்ல மனசும் அவனுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று எரிந்துகொண்டு, கட்டைவிரலை மடக்கிச் சோற்றைப் பிசைந்தார்.