எதிரிக் கப்பலின் பெயர்

மகள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அட்டையில் விண்வெளிப் போர்க்கப்பல் ஒட்டிக்கொண்டிருந்தாள். “இது பெரிய கப்பலுக்கு முன்னால போய் உளவு பார்க்கும்ப்பா, காவலும் இருக்கும்” என்றாள். அவள் கையில் வெள்ளித்தாள் சரசரத்தது.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், சின்ன வயதில் நானும் ஒரு விண்கப்பல் செய்தேன். தொழிற்சாலைக்குப் பின்னால் வீசப்பட்டுக் கிடந்த தேயிலைப் பெட்டியிலிருந்து உரித்த ஈயத்தாள். தொட்டால் விரலெல்லாம் தேயிலை வாசம். எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அதைக் கண்டு பிடுங்கிப் போனான். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ஆளெல்லாம் பார்க்க, அப்பாவின் முன்னால் போட்டு மிதித்தான்.

“களவெடுத்த தாள்ல ஒம் மகன் வானத்துக்குப் போறானாமே?”

“வீசினதுங்க ஐயா.”

“அப்ப நீயும் ஏறிப் போடா!”

எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு அப்பா பெரட்டில் தலை நிமிரவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா மிளகாய் அரைத்துக் காளியம்மன் கல்லில் அப்பினாள். “தாயே, அவன் கண்ணு எரியணும்.” காரத்தில் எங்கள் கண்தான் எரிந்தது. அவனோ பதுளையில் வீடு கட்டி, சுகமாக வாழ்ந்து செத்தான். நான் தினமும் கும்பிடுகிறவன். இந்த ஒன்றை மட்டும் அம்மன் என் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

“அப்பா, எதிரிக் கப்பலுக்கு ஒரு பேரு சொல்லுங்க.”

திருநீறு பூசிய கையாலேயே அந்தக் கணக்கப்பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

“இதத்தான் மொதல்ல சுடணும், கண்ணு.”