அப்பா விளக்கின் சுண்ணாம்பு

க்யிம்யிண்டைங் சந்தையில், கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழக் கூடையிலிருந்து கார்பைடு வாடை அடித்ததும், நினைவில், சின்ன வயதில் நாங்கள் இருந்த ஷான் மலையின் வெள்ளிச் சுரங்கத்துக்குப் போய்விட்டேன். அப்பா சுரங்கத்திலிருந்து ஏறி வந்ததும், கார்பைடு விளக்கில் எரிந்து மிஞ்சிய சுண்ணாம்பை வாசலில் தட்டுவார். அதைக் கரைத்துத்தான் எங்கள் தொழிலாளர் லயன் வீடுகளில் எல்லா அம்மாக்களும் மறுநாள் கோலம் போடுவார்கள். சுரங்கம் இடிந்து அப்பா உள்ளே சிக்கிய அன்று, காலையில் போட்ட கோலத்தைச் சுற்றிக் கல் அடுக்கி, “மிதிச்சிடாதடி, அப்பா வெளக்குச் சுண்ணாம்பு” என்று அம்மா காவல் உட்கார்ந்தாள்.

பல வருடம் கழித்து, அந்த மலையில் சண்டை தொடங்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சுரங்க வாயைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். லயன் இருந்த இடத்தில் புதர்.

அப்பாவை வெளியே எடுக்கவேயில்லை. கோலம் நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் மழை பெய்தது.