அக்கா சிரிக்காத சிரிப்பு

என் அக்காவுக்குச் சிரிப்பதுதான் வேலை. கேலிக்குச் சொல்லவில்லை. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறதே, அவர்கள் எல்லாம் வழியில் போகும்போது எட்டிப் பார்த்தவர்கள் இல்லை. ஆள் பிடித்துக் கொடுக்கவென்றே ஒருவர் இருக்கிறார். கூட்டக்காரர் என்பார்கள். அவர் சொன்ன நேரத்துக்குப் போய் உட்கார்ந்து, எதிரே நிற்கும் உதவியாளர் கை காட்டும்போது சிரிக்க வேண்டும். தலைக்கு மேல் மைக் தொங்கும் இடத்தில் அக்காவுக்கு நிரந்தர நாற்காலி. வெண்கலப் பாத்திரம் படியில் உருண்டது போன்ற சிரிப்பு அவளுக்கு. அதனால் அங்கே அவள் பெயரே வெண்கலக்கா. பின்வரிசைக்காரர்களுக்கு வசனம் பாதி கேட்காது. வெண்கலக்கா சிரித்துவிட்டாளா, சரி, நாமும் சிரிப்போம், அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிராமத்திலிருந்து ஒரு பையோடு வந்து அக்கா வீட்டில் தங்கித்தான் படித்தேன். என் பட்டத்தில் பாதி அவளுடைய சிரிப்பு. மீதி என் மண்டை, அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அத்தான் வேற்று நாட்டுக்காரர், வேற்று இனம். நல்ல கறுப்பு, கம்பிச் சுருட்டை முடி. கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். எங்கள் மொழியை எங்களிடமே கற்றுக்கொண்டு எங்களையே கிண்டல் செய்வார். கல்யாணம் ஆன புதிதில் அப்பா அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அவரோ தினமும் போன் போட்டு, "மாமா, சாப்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டே மனிதரைக் கவிழ்த்துவிட்டார். அக்காவுக்கும் அவருக்கும் ஒரே மகள். அப்பாவின் முடி, அம்மாவின் வாய்.

அக்கா போகும் நிகழ்ச்சியில் நிலக்கரி என்று ஒரு பாத்திரத்தை நுழைத்தார்கள். ஒரு நடிகர் முகத்தில் கரியை அப்பிக்கொண்டு வருவார். அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து இருப்பதையெல்லாம் தின்பார், நாற்காலியை மேளமாகத் தட்டி ஆடுவார், மொழியைக் கடித்துத் துப்புவார். கரண்ட் போகும். "டேய், சிரிடா, எங்க நிக்கிறேன்னு பார்ப்போம்" என்பார் இன்னொருவர். வாராவாரம் ஏறக்குறைய இதேதான். எழுதுகிறவருக்கு ஒன்றும் தோன்றாத வாரத்தில் நிலக்கரி இரண்டு முறை வருவார்.

பள்ளியில் என் மருமகளுக்கு 'நிலக்கரி மக' என்று பெயர் விழுந்தது. பின் பெஞ்சுப் பையன்கள் அவள் முடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா பார் என்று பந்தயம் கட்டினார்கள். இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டாள்:

"அந்த ஆளு வரும்போது நீயும் சிரிப்பியாம்மா?"

அது தொழில், கை காட்டினால் எல்லாரும்தான் சிரிப்போம் என்று அக்கா இழுத்தாள்.

"சிரிப்பியா, மாட்டியா? அதச் சொல்லு."

"இனிமே மாட்டேன்டி."

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நான் என்ன தேய்ந்தா போய்விடுவேன் என்று அத்தான் சமாதானம் சொல்ல வந்தார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த பதிவுக்கு ஆள் குறைவு என்று கூட்டக்காரர் என்னையும் இழுத்துப் போனார். அக்கா பச்சைச் சேலையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் ஜோக்குக்குச் சிரித்தாள். குடிகாரன் ஜோக்குக்குச் சிரித்தாள். நிலக்கரி வந்தார், மேடை விளக்கு அணைந்தது, வசனம் வந்தது. அக்கா உதட்டை மடித்துக்கொண்டாள். பின்வரிசை அவளுக்காகக் காத்திருந்தது. அரங்கத்தில் ஏசி இரைச்சல் மட்டும் கேட்டது. மேடையில் கரி முகம் பல்லைக் காட்டியபடி அப்படியே நின்றது. உதவியாளர் காக்கா விரட்டுவதுபோல் இரண்டு கையையும் வீசினார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே அமைதி.

கூட்டக்காரர் நாற்காலிகளுக்கு நடுவே தவழாத குறையாக வந்தார். "அக்கா, எம் பொழப்புல மண்ணப் போட்றாத. ஒரே ஒரு சிரிப்பு."

"இதுக்கு வரல தம்பி. வேற எதுக்காவது கேளு, சிரிக்கிறேன்."

வேறு வழியில்லாமல் அடுத்த காட்சிக்குப் போனார்கள். பட்டம் வாங்க மேடை ஏறியபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து மருமகளிடம் நான்தான் நடித்துக் காட்டினேன். அவள் இரண்டாம் முறையும் நடிக்கச் சொன்னாள்.

ஒளிபரப்பான அன்று மாலை எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது, வசனம் வந்தது. உடனே திரை முழுக்க அக்கா. மஞ்சள் சேலை, பின்னால் சாய்ந்த தலை, கண்ணில் நீர், படியில் உருளும் வெண்கலம். பின்னாலேயே கூட்டம் முழுக்கச் சிரித்தது.

அத்தான் எழுந்து, தாகம் இல்லாமலே தண்ணீர் குடிக்கப் போனார்.

"அது அன்னைக்கு எடுத்தது இல்ல. நான் பச்சை கட்டியிருந்தேன். டேய், நீ இருந்தியேடா, சொல்லேன்டா." அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

சத்தியம் செய்தேன். சேலையைப் பார், பழைய சிரிப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். மருமகள் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் நம்புறேன் மாமா. ஸ்கூல்ல யாரு சேலையப் பார்ப்பா?"

மறுநாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்த நிறுவனத்துக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, நுனிநாக்கில் நியாயம். இனத்தை இழிவு செய்வது, குழந்தைகளின் மனம், கலைஞனின் பொறுப்பு என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். நிகழ்ச்சி மேலாளர் முழுவதையும் தலையாட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"படிச்சவரு நீங்க. காமெடிய காமெடியா பாக்கணும்னு உங்களுக்கே தெரியும். உங்க அத்தான் ஏதாவது வருத்தப்பட்டாரா?"

அவர் விடச் சொல்லிவிட்டார் என்றேன். எனக்குப் பொய் வராது.

"பார்த்தீங்களா, அவரே ஸ்போர்ட்டிவா எடுத்துக்கிறாரு" என்று சிரித்துவிட்டு எடிட்டரைக் கூப்பிட்டார். எடிட்டர் ஒளிக்காமல் சொன்னார். அக்காவின் சிரிப்பைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று முகத்தோடு எடுத்து வைத்திருக்கிறார்களாம். ஜோக் படுத்துவிட்ட இடத்திலெல்லாம் அவளைப் போடுவார்களாம். அவள் போகாத நிகழ்ச்சிகளிலும்கூட. பாராட்டாகத்தான் சொன்னார்: "நீங்க இல்லன்னா பாதி ஜோக்கு செத்திருக்கும்க்கா."

அதை எடுத்துவிடச் சொன்னாள் அக்கா. எதிலிருந்து என்று எடுப்பது என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

அக்கா அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஒரு சலவையகத்தில் துணி மடிக்கிறாள். அவள் சிரிப்பு மட்டும் தவறாமல் வேலைக்குப் போகிறது.

பள்ளியில் பெயர் மாறவில்லை. மோசமாகத்தான் ஆனது. உங்க அம்மாவே சிரிக்கிறாங்க, உனக்கென்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள் அக்கா. வகுப்பாசிரியை அவளைப் பார்த்ததுமே முகம் மலர்ந்து எழுந்தார். வீட்டில் எல்லாரும் அந்த நிகழ்ச்சியைத் தவறவிடுவதில்லையாம், அந்தச் சிரிப்புக்காகவே பார்ப்பார்களாம்.

"அந்த ஜோக்குக்கு நான் சிரிக்கல டீச்சர். அது வேற எதுக்கோ சிரிச்சது, வெட்டி ஒட்டிட்டாங்க."

"அப்படியா? வேற எதுக்குச் சிரிச்சீங்க?" ஆசிரியை ஆர்வமாகத்தான் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். மஞ்சள் சேலை கட்டிய நாளில் எந்த ஜோக் ஓடியது? திக்குவாய்க்காரரா, மலைநாட்டிலிருந்து வந்த கூலியாளா, கண் சிறுத்த சீனச் சமையல்காரரா? எல்லாவற்றுக்கும்தான் சிரித்திருக்கிறாள்.

"சொல்லும்மா" என்றாள் மகள்.