பையப் போகிற சைக்கிள்

அப்பா கட்டிய சைக்கிள்களில் ஒன்று மட்டும்தான் மெதுவாகப் போவதற்கென்று கட்டப்பட்டது. அதைப் பற்றி எழுதுகிறேன். மற்றவை பாறசாலைக்கும் காரோட்டுக்கும் இடையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்பா கடந்த ஏப்ரலில் இறந்தார். தூக்கத்தில். சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

பெயர் அப்புக்குட்டன். தொழில் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். முற்பகலிலேயே வேலை முடிந்துவிடும். மிச்ச நாள் முழுக்க சைக்கிள். பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்கடையில் இருந்து துருப்பிடித்த பிரேம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். உரசி, பெயின்ட் அடித்து, லூதியானாவில் இருந்து பார்சலில் வரும் விலை குறைந்த சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டுவார். கியர், டிஸ்க் பிரேக், அலுமினிய ஹேண்டில்பார், முள் வைத்த பெடல். பெரிய கம்பெனிப் பெயர் எதிலும் இருக்காது. யாராவது கேட்டால், "பேரா உருளுது?" என்பார்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஓசூரில் ஒரு பிரேக் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அப்பாவின் போன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும். மீன் விற்கும் ரத்னபாய் அக்காவுக்கு ஏற்றத்தில் தள்ளாமல் மிதித்துப் போக ஏழு கியர் சைக்கிள் கட்டியபோது இப்படி:

"மக்கா, இரும்பு எம்புட்டு வளஞ்சா ஒடியும்?"

"எந்த இரும்பு?"

"ஆக்ரி இரும்பு."

"அதுக்கு எனக்க புஸ்தகத்துல அட்டவணை கெடயாதுப்பா."

"அப்ப வளச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பழைய பிரேமின் பின்கவட்டுக்குள் கியர் சக்கரம் நுழையவில்லை. ஒரு பக்கத்தைத் தென்னைமரத்தில் கட்டி, மறுபக்கத்தைக் கயிறு போட்டு இழுத்து அகலப்படுத்தினார். ஒடியவில்லை. ரத்னபாய் அக்கா இப்போதும் அதில்தான் மீன் கொண்டுவருகிறார்.

அப்பாவுக்கு வேகம் பிடிக்கும். அதுதான் பிரச்சினை. இரண்டு வருடம் முன்பு, புதிதாகப் போட்ட கியரைச் சோதிக்க எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள இறக்கத்தில் விட்டார். கியரை மாற்றும் கருவி எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த அதில் ஒரு சிறு திருகு உண்டு. அதை முறுக்க மறந்திருந்தார். அந்தக் கருவி சக்கரக் கம்பிகளுக்குள் போய் மாட்டியது. சக்கரம் நின்றது. அப்பா நிற்கவில்லை.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் தோள் எலும்புக்குத் தகடு வைத்துத் திருகினார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, அது என்ன உலோகம் என்பது. டைட்டானியம் என்றார் டாக்டர்.

"சைக்கிள்ல போட நமக்கு வழியில்ல. இப்பம் தோள்ல உண்டு, பாத்தியா சுகுமாரி?" என்றார் அம்மாவிடம்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் சைக்கிள்களைச் சங்கிலியில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

அப்பா எட்டு மாதம் நடந்தார். தோட்டத்துக்கு நடந்து போனார், கடைக்கு நடந்து போனார். சாப்பாடு குறைந்தது. பார்சல் வருவது நின்றது. எனக்குப் போன் வருவதும் நின்றது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓணத்துக்குக் கொஞ்சநாள் முன்பு விடுமுறை போட்டு வந்தேன். அன்று எங்கள் முற்றத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கிரில் பட்டறை வைத்திருக்கும் பிபின். இன்னொருவர் லாட்டரிச் சீட்டு விற்கும் கிருஷ்ணன்குட்டி மாமா. ஓணத்துக்கு எங்கள் ஊர் கிளப் மைதானத்தில் நடக்கும் மெதுசைக்கிள் போட்டியில் வருடாவருடம் ஜெயிப்பவர் அவர். கடைசியாக வந்து சேருகிறவருக்குத்தான் அதில் பரிசு, ஒரு ஏத்தன்வாழைக் குலை. நிற்கலாம். பின்னால் போகக்கூடாது. தடத்தின் பக்கக் கோட்டைத் தாண்டினாலோ காலை ஊன்றினாலோ வெளியே.

அப்பா சாவி கேட்டார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பைய ஓட்டத் தெரியாது. ஏறினா பறப்பாக்கும். இனி வேண்டாம்."

"எனக்கா பைய ஓட்டத் தெரியாது?"

கிருஷ்ணன்குட்டி மாமா சிரித்தார். "உள்ளத ஒத்துக்க வேய். நீரு பைய ஓட்டினா சைக்கிளுக்கே நாணமாயிரும்."

"இந்த ஓணத்துக்கு நானும் வாறேன் வேய். பாப்போம்."

அம்மா மடித்த துணியைக் கீழே வைத்தார். "செரி. போங்க. ஆனா ஒண்ணு. ஏறினா நம்ம நடையில வந்துதான் எறங்கணும். எடையில காலு தரையில பட்டா, ஒண்ணு விடாம எல்லாம் ஆக்ரிக்கடைக்கு. படல்லேன்னா, பொறவு நான் வாய் தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாக்கும். இவிய ரெண்டு பேரும் சாட்சி."

நடை என்றால் எங்கள் ஊரில் வீட்டு வாசற்படி. அம்மா கோபத்தில் சொன்ன வார்த்தை அது. எங்கள் யாருக்கும் அது மனதில் தங்கவில்லை. அப்பாவுக்குத் தங்கியிருந்தது.

மறுநாள் அப்பா என் முன்னால் ஒரு பிரேமை வைத்தார். "மக்கா, பையப் போற சைக்கிள் ஒண்ணு கெட்டணும்."

சாதாரண சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் போகும். அதைக் குறைக்க வேண்டும். முன்னால் இருபத்திரண்டு பல், பின்னால் இருபத்திரண்டு பல். பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. இரண்டும் பார்சலில் வந்தன. தடித்த டயர், அகலமான ஹேண்டில்பார், தாழ்ந்த சீட், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். அம்மா பழகுவதற்கு மட்டும் அனுமதி தந்தார். பழகும்போது ஊன்றியது கணக்கில் இல்லை. நல்லவேளை. முற்றத்தில் கேட்டில் இருந்து நடைக்கு வருவதற்குள் அப்பா கோழிக்கூடு, துணிக்கொடி, என் தோள் என எல்லாவற்றின் மேலும் சாய்ந்தார்.

"என்னத்துக்கு சாயுது?" என்றார்.

படம் வரைந்து காட்டினேன். மிதிக்காதபோதும் சைக்கிள் உருளக் காரணம் பின்பல்லுக்குள் இருக்கும் ஃப்ரீவீல். முன்னால் மிதித்தால் பிடிக்கும், இல்லையென்றால் விடும். பிடிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன ஆட்டம் உண்டு. வேகத்தில் அது தெரியாது. நிற்கிற மாதிரிப் போகும்போது அந்த ஆட்டத்தில்தான் ஆள் சாய்வது.

"அப்ப ஆட்டமே இல்லாம ஆக்கினா?"

பிபின் பட்டறையில் ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து ஒரே கட்டியாக்கினோம். இனி சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். காலை அழுத்தி நிறுத்தினால் சைக்கிளும் நிற்கும். பிபின் சந்தோஷப்பட்டார். எனக்கு இல்லை. அந்தப் பல் வெறும் மரையில்தான் ஹப்பில் முறுக்கியிருக்கிறது. காலைப் பின்னால் அழுத்தினால் கழன்றுவிடும். கழன்றால் தோளில் இன்னொரு தகடு. அளவெடுத்துப் பார்த்தேன். பெடல் அச்சுக் கிண்ணத்தைப் பூட்டும் இரும்பு வளையத்துக்கும் இதே மரை. அப்பாவின் டப்பாவில் அந்த வளையம் கிடந்தது. பல்லுக்கு வெளியே அதை முறுக்கி, பசை போட்டு இறுக்கினோம்.

"நிக்குமா?" என்றார் பிபின்.

"மைதானத்துல நிக்கும். இறக்கத்துல சொல்ல முடியாது."

"இறக்கத்துக்கு யாரு போறா?"

போட்டியன்று அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மைதானத்துக்குப் போனார். எட்டுப் பேர் போட்டி. மைக்கில் கிளப்காரர் உண்ணி. விசில் ஊதிய உடனேயே மூன்று பேர் காலை ஊன்றினார்கள். இரண்டு பேர் பக்கத்துச் சுண்ணாம்புக்கோட்டைத் தாண்டினார்கள். ஒருவர் பயத்தில் வேகமாகப் போய்ச் சேர்ந்தார். மிச்சம் அப்பாவும் கிருஷ்ணன்குட்டி மாமாவும். இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில், திருப்பிய ஹேண்டில்பாரோடு, ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன வேய், இண்ணைக்கு முடியுமா?" என்றார் மாமா.

"ஒமக்கு அவசரம்னா போவும்."

கூட்டம் முதலில் கைதட்டியது. பிறகு உட்கார்ந்தது. அடுத்து வடம்வலி, கயிறு இழுக்கும் போட்டி. இரண்டு அணியும் வடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. உண்ணி முதலில் உற்சாகப்படுத்தினார், பிறகு கெஞ்சினார்.

"அப்புக்குட்டன் அண்ணா, கிருஷ்ணன்குட்டி அண்ணா, பாயசத்துல ஆடை கட்டியாச்சு. அடுத்த ஓணம் வாறதுக்கு முன்ன ஆராவது ஒராளு முடிவுக்கோட்டைத் தொடணும்னு தாழ்மையோட கேட்டுக்கொள்ளுதோம்."

மாமா சிரித்துவிட்டார். சிரிப்பில் உடம்பு குலுங்க, கால் தரையில்.

அப்பா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பாதித் தடம் பாக்கி. இனி வேகமாகப் போனாலும் ஜெயம்தான். எல்லோரும் அதைத்தான் கத்தினார்கள். அவர் அதே வேகத்திலேயே வந்தார். பெண்கள் பக்கத்தில் அம்மா நின்றிருந்தார், முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி. அம்மா பார்த்தது அப்பாவின் முகத்தை அல்ல, காலை.

முன்சக்கரம் முடிவுக்கோட்டைத் தொட்டது. விசில், செண்டை, சத்தம். நாலு பேர் அப்பாவைத் தூக்க ஓடினார்கள்.

"தொடாதேயுங்க! எலே, தள்ளி நில்லுங்க!"

அவர் இறங்கவில்லை. அப்படியே மிதித்து, கூட்டத்துக்கு நடுவில், கிளப் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனார். உண்ணி மைக்கில், "அண்ணா, போட்டி முடிஞ்சு, போட்டி முடிஞ்சு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம்ம நடையில வந்துதான் எறங்கணும்.

வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் அந்த இறக்கம் இருந்தது. அவர் விழுந்த அதே இறக்கம். நான் ஓடினேன். பின்னால் பிபின், "அண்ணா, வளையம்! வளையம்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். சைக்கிள் இறக்கத்தில் இறங்கியதும் பெடல் அப்பாவின் காலைச் சுற்ற ஆரம்பித்தது. அவர் மிதிக்கவில்லை, பெடல்தான் அவரை மிதித்தது. வேட்டி பறந்தது. முட்டி இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஏறி இறங்கின. எதிரே வந்த ஆட்டோ ஓரமாக ஒதுங்கி நின்றது.

"பின்னால அழுத்தாதீங்க! கையால பிடிங்க! கையால!"

அப்பா காலைப் பெடலின் போக்கில் விட்டு, கை பிரேக்கை மட்டும் விட்டுவிட்டுப் பிடித்தார். நான் பக்கத்தில் ஓடியபடி பின்சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். வளையம் நழுவினால் ஒரு கிறீச்சு வரும். வரவில்லை. எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் ஒரு இறக்கத்தில் பைய இறங்கியது அன்றுதான்.

எங்கள் கேட் திறந்திருந்தது. உள்ளே போய், நடையை ஒட்டி நின்று, முகப்புத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கால்கள் பெடலில்தான். இறங்கவில்லை.

"அப்பா, எறங்குங்க."

"அவ வரட்டு."

அம்மா வந்தார். நடந்துதான். ரோட்டில் நின்று யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார். கேட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினார், அதைச் சுவரோரமாக ஒழுங்காக வைத்தார். அவ்வளவு மெதுவாக அம்மா நடந்து நான் பார்த்ததில்லை. அப்பா தகடு வைத்த தோளைத் தூணில் சாய்த்துக்கொண்டார்.

"எறங்கட்டா?" என்றார்.

அம்மா குனிந்து இரண்டு காலையும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"குலை எங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பிபினைப் பார்த்தேன். வாழைக்குலை மைதானத்திலேயே கிடந்தது.

"மறந்துட்டேன்."

"எறங்குங்க. போய் எடுத்துட்டு வாங்க."

அப்பா வலது காலைத் தூக்கி நடையில் வைத்தார். பிறகு இடது கால். நின்றார். அம்மா மடியில் இருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நடந்து போண்டாம்," என்றார். "கியர் உள்ளதுல போங்க. இதுக்கு வெளயாட்டு போதும்."

அன்று மாலையே பார்சலுக்கு ஆர்டர் போட்டார். மறுவாரம் எனக்கு மதியப் போன் வந்தது.

இந்த ஓணத்துக்கு உண்ணி வந்து அந்த சைக்கிளைக் கேட்டார். அப்பாவின் ஞாபகமாக யாராவது ஒருவர் அதை ஓட்ட வேண்டும் என்றார்.

"லேகா ஓட்டுவா," என்றார் அம்மா, என்னைக் கேட்காமலேயே.

வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். மரை நன்றாக இருக்கிறது. புதிய பசை போட்டு இறுக்கினேன். சீட்டை என் உயரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் கேட்டில் இருந்து புறப்பட்டேன். அம்மா நடையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோழிக்கூடு வரை வந்தேன். அங்கே சாய்ந்தேன்.

"ஊனினே. பாத்தேன்."

"பழகுறதுதானேம்மா. கணக்குல இல்ல."

"கணக்குல இல்லதான். மறுக்கயும் போ."

சைக்கிளைத் திருப்பிக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.